மரியாதை

மல்லாவிச் சந்தையடி ஓட்டோத் தரிப்பிடத்தில்
நாங்கள் ஏழு பேர்.
எங்களுக்கு வீட்டில் வைத்த பெயர்கள்
அடையாள அட்டையோடு சரி.
நேசராசா, ‘றேடியோ’.
கிருபைநாதன், ‘அரைப்போத்தல்’.
அவன் குடிப்பதில்லை, அதனால்தான்.
நான் ‘உப்பில்லா’.
கோயில் மடத்தில் ஒரேயொரு நாள்
நான் வைத்த சாம்பார்
பத்து வருசமாகியும் இன்னும் ஆறவில்லை.

கனகலிங்கம், ‘சங்கூதி’.
அவனுடைய ஓட்டோவில்
ஹோர்னைத் தவிர மற்றெல்லாம் சத்தம் போடும்.
“யோகபுரத்தில திரும்பிறான், இஞ்ச கேக்குது.”
“பிள்ளைத்தாச்சியை ஏத்துவான்,
ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு பேராய் இறக்குவான்,
ரெண்டாளின்ர காசும் கேப்பான்.”
அவன் என்னைக் காட்டுவான்:
“இந்த நாயின்ர சாம்பாரை எஞ்சினுக்கு ஊத்தினனான்,
அண்டைக்குப் பிடிச்ச இழுப்புத்தான் இது.”

வைகாசியில்
கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பொடியள் வந்தார்கள்.
நான்கு மாதக் கட்டுப்பணம்.
“குறை நினைக்காதேங்கோ அண்ணை,
திறப்பைத் தாங்கோ.”
மாங்குளம் றோட்டால் அது போனது
அதே சத்தத்தோடு.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் சைக்கிளில் வந்தான்.
நாங்கள் எழும்பி நின்றோம்.
“வாங்கோ அண்ணை.”
“இதில இருங்கோ.”
“சாப்பிட்டாச்சோ?”
யார் வந்திருப்பதென்று
கனகலிங்கம் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கிழமை முழுக்க நாங்கள் நல்ல மனிசர்.
அவனுடைய பிளேன்ரீக்கு முந்தியடித்துக் காசு கொடுத்தோம்.
வாங்கிய றோல்ஸில் பெரியதை அவன் பக்கம் தள்ளினோம்.
ஓட்டோ என்ற சொல்லை விலக்கி விலக்கி
மழையைப் பற்றிப் பேசினோம்,
வவுனிக்குளத்தில் ஜப்பான் மீன்
இந்த முறை சிறுத்துவிட்டதைப் பற்றி.
ஒவ்வொரு ‘ங்கோ’வுக்கும்
அவன் வாங்கில் கொஞ்சம் கொஞ்சமாய்
ஓரத்துக்குப் போனான்.
இரவில் எனக்குத் தாடை நொந்தது.
செத்தவீட்டில் பேசுகிற மாதிரி
ஆறு நாள் பேசியிருக்கிறேன்,
பிளேன்ரீ குடித்துக்கொண்டு எதிரில் இருக்கிறவனோடு.

வெள்ளிக்கிழமை அவனே கேட்டான்:
“றேடியோ, செய்தி ஒண்டும் இல்லையோ?”
நேசராசா செருமினான்.
“ஒண்டும் இல்லை அண்ணை.”
அவனுக்கு இவன் இரண்டு வயது மூப்பு.
கோப்பையில் பாதி இருக்கக் கனகலிங்கம் எழும்பினான்.
“அப்ப நான் வாறன்.”

சைக்கிளைத் திருப்பி ஏறி மிதித்தான்.
சங்கிலி நழுவிக் கடகடவென்றது.
ஆறு பேரும் நிலத்தைப் பார்த்தோம்.
நான் என்ன நினைத்தேனோ தெரியாது,
வாய் முந்திவிட்டது:
“டேய் சங்கூதி,
இதையும் லீசிங்கிலயோ எடுத்தனீ?”

கிருபைநாதன் என் தொடையைக் கிள்ளினான்.
ஒரு நெல் லொறி எங்களைத் தாண்டிப் போய்,
அதன் தூசும் அடங்கிற்று.
கனகலிங்கம் இறங்கி
சைக்கிளை ஸ்டாண்டில் விட்டான்.
நேரே என்னிடம் வந்தான்.
அடிக்கட்டும் என்று கன்னத்தைத் தயாராய் வைத்திருந்தேன்.

“ஓமடா உப்பில்லா.
பிணைக்கு உன்ர பேரைத்தான் குடுத்தனான்.
அடுத்த கிழமை வந்து உன்னைத் தூக்குவாங்கள்.
உன்னை வித்தாலும்
ஒரு சில்லுக் காசு தேறாதெண்டு
நான் முதலே சொல்லிப்போட்டன்.”

கிருபைநாதனுக்கு மூக்கால் தேத்தண்ணி வந்தது.
பிறகு யார் என்ன சொன்னதென்று நினைவில்லை,
ஆறு நாள் நிலுவையை
வட்டியோடு கட்டினோம்.
கழுத்துப்பட்டிகளையும் விடவில்லை,
அவன் கையெழுத்தையும் விடவில்லை.
இடையில் அவன் சாரத்தால் முகம் துடைத்தான்.
நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

ஓட்டோ இன்னும் வரவில்லை.
வவுனியாவில் ஏதோ ஒரு வளவில்
மழையில் நிற்பதாகக் கேள்வி.
கல்லுடைக்கிற இடத்துக்கு அவன் கூலிக்குப் போகிறான்,
பின்னேரத்தில் இந்த வழியால் வருகிறான்.
சந்தி திரும்ப முதலே
நேசராசா காதைப் பொத்திக்கொள்கிறான்.

மூன்று கடை தள்ளி கராஜ்,
போத்தலோடு எண்ணெய் சும்மா கொடுப்பார்கள்.
அந்தச் சங்கிலிக்கு
அவன் ஒரு சொட்டு விடவில்லை.